பிறந்த வீட்டுக் கோடி

அம்மா கண்மூடி ஓராண்டாகிறது. மூத்த மகள் என்பதால் இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டுமென்று தம்பி சொல்லிவிட்டான். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் அடக்கத்தன்று எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் வெயிலில் நின்ற உறவுகள் பலர், "ஏன் இன்னும் தூக்கல?" என்று கேட்டார்கள். அப்போது பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் கோடிக்காகக் காத்திருந்தோம். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். அதைப் போர்த்தாமல் பாடையைத் தூக்குவதில்லை. அம்மாவுக்கு அந்தக் கோடி வருமா என்பது எங்களுக்கே தெரியாது. வராது என்று முன்பொரு நாள் சொல்லிவிட்டுப் போனவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எங்கள் தாய்மாமா.

அம்மா வெள்ளைக்காரர் காலத்தில், வெலிமடைப் பக்கம் ஒரு முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் பிறந்தார். கோவாவும் கரட்டும் லீக்ஸும்தான் அவர் கண்ட உலகம். பள்ளிக்கூடம் தூரம். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப யாருக்கும் மனமில்லை. தாவணி போட்ட வயதில் அவருக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை, தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அவருடைய சொந்தத் தாய்மாமன். முதல் மனைவியை இழந்தவர். அக்காள் மகள் அவருக்கு உரிமைப் பெண், அதனால் மேற்கொண்டு பேச எதுவும் இருக்கவில்லை.

அந்த மாப்பிள்ளைதான் எங்கள் அப்பா. அவர் கெட்டவர் இல்லை, வயது போனவர், அவ்வளவுதான். "ஒங்களுக்குப் புடிச்சிருந்திச்சாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "என்னய யாருடி கேட்டா? கேட்டிருந்தாலும் என்ன சொல்றதுன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

கல்யாண மஞ்சள் காயுமுன்பே தோட்டத்துத் துரை அம்மாவை வேலைக்குப் பதிந்துகொண்டார். பெண்சாதியும் வேலைக்கு வந்தால்தான் லயத்தில் தனிக் காம்பரா, ஒரே ஒரு அறைதான், கிடைக்கும். கொழுந்து பறித்துப் பழகாத கை. "மம்மட்டி புடிச்ச கைய வச்சிக்கிட்டு கொழுந்துக்கு வந்துட்டா பாரு" என்று கங்காணி எல்லார் முன்னாலும் ஏசுவாராம். அம்மா பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். விடியலில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுப்பது, மழையில் மலை, அட்டைக்கடி, இடையில் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து எங்களுக்குப் பால் கொடுப்பது. நாங்கள் வளருமுன்பே அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை.

நான் பெரியவளான பிறகு தாய்மாமா வெலிமடையிலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்தார். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். இப்போது அவருக்கு நான் உரிமைப் பெண்.

"அக்கா, முறையக் கேட்டு வந்திருக்கேன்" என்றார்.

அம்மா தட்டைத் தொடவில்லை. "என்கிட்ட ஏன்டா கேக்குற? கட்டிக்கப் போறவ அவதானே, அவகிட்ட கேளு" என்றார்.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பெண்ணிடம் கேட்பதா! அம்மா என் பக்கம் திரும்பி, "மனசுல உள்ளதச் சொல்லுடி. ஒன்னய அடிக்க மாட்டேன்" என்றார்.

"எனக்கு வேணாம் மாமா" என்றேன்.

மாமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒனக்குப் பொறந்த வீடு இன்னயோட இல்லக்கா. நீ செத்தாலும் கோடி வராது" என்றார். பெற்ற தாயே சாபம் விட்டது போல இருந்தது அம்மாவுக்கு. ஆனாலும், "சரிடா. சோறு ஆக்கியிருக்கேன், தின்னுட்டுப் போ" என்றார். மாமா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசற்படி மிதிக்கவும் இல்லை. ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட அங்கிருந்து ஆள் வரவில்லை.

பின்னாளில் பதுளைக் கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தவரை நான் விரும்பி மணந்தேன். அந்த வாழ்க்கையும் அப்படியொன்றும் சொர்க்கமாக அமையவில்லை. ஆனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை, நானே தேடிக்கொண்டது.

கடைசி நாட்களில் பதுளை ஆஸ்பத்திரியில் அம்மா அதிகம் பேசவில்லை. ஒரு பகல் மட்டும், "அவன் வருவானாடி?" என்று கேட்டார். "வருவாரும்மா" என்று பொய் சொன்னேன். இறந்த அன்று தம்பி மாமாவுக்குப் போன் எடுத்தான். கட்டிலோடு கிடக்கும் மாமா செய்தியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

அம்மாவைத் தூக்கிக் குளிக்கவைத்த அடுத்த காம்பராப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், வெயிலில் குழி வெட்டிய இளைஞர்களுக்கும், பந்தல் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிய தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பொழுது சாயப்போகிறது, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்த நேரத்தில் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கோடி. கூட யாரும் இல்லை.

"கூடப்பொறந்தவன் கையால வரணுமே" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

"அந்த வீட்டு அடுப்ப இத்தன வருசமா ஊதுனவ நானுங்க. அப்ப அது என் வீடு இல்லையா?" என்றார் அத்தை. பெரியவர் விலகி வழிவிட்டார்.

"மாமா அனுப்புனாரா அத்தை?" என்று கேட்டேன்.

"அவரா? போகாதேன்னு கத்துனாரு" என்றார். கோடியை விரித்து, அம்மாவின் கழுத்துவரை போர்த்தி, சுருக்கம் நீவிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "நீ வேணாம்னதும் என்னயத்தான் பொண்ணு கேட்டு வந்தாரு. நானும் வேணாம்னுதான் சொன்னேன். எங்கம்மா என் வாயப் பொத்திட்டாங்க. ஒங்கம்மா ஒன்னயப் பேச விட்டாங்க. அந்த மனுசிக்குப் போடாம வேற யாருக்குக் கோடி போடுறது?"

அத்தை, அன்று உங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடத் தராமல் நான் அழுதுகொண்டே நின்றுவிட்டேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. இந்த மலரை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறி வருகிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறேன். மாமாவும் கேட்டுக்கொண்டு கிடக்கட்டும்.