சித்தப்பா கேமராவுக்கு எரிந்த ஃபிளாஷ்

ஙொய்ய்ய்ங்... ஃபிளாஷ் சார்ஜ் ஏறும் அந்தச் சத்தம், காதோரம் கொசு வந்து போவது போல இருக்கும். பேட்டரி பழசானால் இன்னும் இழுக்கும். சத்தம் நின்று சின்ன சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அடுத்த படம்.

சித்தூர் சர்ச்சில் அக்கா கல்யாணம். நான்தான் போட்டோகிராபர். திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தள்ளி வைக்கும் இரண்டாவது ஃபிளாஷுக்கு ஒயர் இழுப்பதுதான் வழக்கம். ஆனால் நைனாவை, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கூட்டி வந்திருந்தோம். காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடந்தார். ஒயர் தடுக்கிவிட்டால்?

அதனால் ஸ்லேவ் வைத்தேன். கட்டைவிரல் அளவு சாமான். ஃபிளாஷுக்கு அடியில் மாட்டி, அதன் கண் என் கேமராவைப் பார்க்கிற மாதிரி திருப்ப வேண்டும். என் கையில் இருப்பது மின்னினால் அதுவும் மின்னும். ஜன்னல் திட்டில் வைத்து, நைனா நிற்கப்போகும் இடத்துக்கு அந்த வெளிச்சத்தையே நம்பி, மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். அதற்கு என் கேமரா, அடுத்தவர் கேமரா என்ற பேதம் கிடையாது... எது மின்னினாலும் எரிந்துவிடும்.

நைனா அக்கா கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிற நேரம். பக்கத்திலிருந்து சித்தப்பா, புதிதாக வாங்கிய ரீல் கேமராவில் ஃபிளாஷோடு ஒரு கிளிக். ஜன்னலில் வெளிச்சம் அடித்து ஓய்ந்தது. அடுத்த நொடி நான் அழுத்தினேன். ஜன்னல் எரியவில்லை...

ஙொய்ய்ய்ங்.

ஜெபம் முடிந்ததும் வாசலில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஒன்ன யாரு சித்தப்பா படம் புடிக்க சொன்னது? எல்லாம் போச்சி."

சித்தப்பா கேமராவை உறைக்குள் போட்டு மூடினார். நைனாதான், "வுடுடா... ஆசையா எடுத்துட்டான்" என்றார்.

என் படத்தில் அக்கா இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார். நைனா நின்ற இடத்தில் வேட்டிக் கரை மட்டும் தெரிகிறது. பிரிண்ட் வருவதற்குள் அவரும் போய்விட்டார்.

போன மாதம் பலமனேரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவிலிருந்து அதே உறையை எடுத்து நீட்டினார்.

"அன்னைக்கி நீ கத்தினதுக்கு அப்புறம் நான் இத்த தொடவே இல்லடா. ரீலு உள்ளயே கீது."

இத்தனை வருஷமாக என் வெளிச்சத்தோடு நைனா அதற்குள் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. ரீல் கழுவுகிற ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். ரொம்பப் பழசு என்று அவர் தெலுங்கில் சலித்துக்கொண்டார்.

வந்தது வெறும் மூட்டம். ஒரே ஒரு ஃபிரேமில் ஓரமாக ஒரு வெள்ளைத் திட்டு. ஜன்னலில் எரிந்த என் ஃபிளாஷ். நைனா அதற்குக் கீழே நின்றிருக்க வேண்டும்.

இப்போது என்னிடம் ஸ்லேவுக்குப் பதில் ரேடியோ டிரிக்கர் இருக்கிறது. சேனல் மாற்றி வைத்தால் என் கேமராவுக்கு மட்டும்தான் எரியும். சொந்தக்காரர்கள் போனை நீட்டிக்கொண்டு குறுக்கே வந்தால் நான் ஒதுங்கி நின்றுகொள்கிறேன்.

அன்றைக்கு அந்த வெளிச்சத்தில் நைனா முகத்தைக் கேமரா வழியாகப் பார்த்தவர் சித்தப்பா ஒருவர்தான். எப்படி இருந்தார் என்று போனில் கேட்டால், "சிரிச்சிக்கினு இர்ந்தாருடா" என்கிறார்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன்.