தெளிவில்லாத மூன்று படங்கள்

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அசையாதக்கா' என்றால்தான் தெரியும். பதினாறு வருடமாக ஓ.சி.டி. ஸ்கேன் அறையில் உட்கார்ந்து, "தாடையை வைங்க, பச்சைப் புள்ளியைப் பாருங்க, அசையாதீங்க" என்று தினம் அறுபது பேரிடம் சொல்கிறவள். கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, விழித்திரையை வெட்டிப் பார்த்தது போல அடுக்கடுக்காகக் காட்டும் கருவி அது. படம் எடுப்பது மட்டும்தான் அவள் வேலை. அதில் என்ன இருக்கிறது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை வருடம் பார்த்தவளுக்குத் தெரியாதா என்ன? பக்கத்தில் நின்று சொட்டு மருந்து விடுகிற எனக்கே பாதி தெரியும்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி எல்லா டிரைவர்களையும் இங்கே பரிசோதனைக்கு அனுப்பும். எழுத்துப் பலகை அவர்களுக்கு மனப்பாடம், அதை விடுங்கள். மூன்று வருடம் முன்பு, அவருடைய வலது கண்ணின் நடுவே சின்னதாக ஒரு கருப்பு வீக்கத்தை அக்கா திரையில் பார்த்தாள். சர்க்கரையால் நீர் கோத்திருந்தது. படம் டாக்டரிடம் போனால் அன்றைக்கே பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். பொண்ணு அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். அக்கா கருவியை ஒரு நூல் நகர்த்தினாள். பழைய கருவி அது, ஒரு கண்ணுக்குச் சில நொடிகள் எடுக்கும், லேசாகத் தட்டினாலே மங்கிவிடும். 'கண் அசைந்தது, படம் தெளிவில்லை' என்று எழுதினாள். டாக்டரும் அன்றைய கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் நேராகக் கம்பெனிக்குப் போய் ஒப்பித்துவிடுவார், அப்படி ஒரு வெகுளி.

"ஒரே ஒரு வருஷம்டி. அப்புறம் நானே வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் என்னிடம்.

அடுத்த வருடம் வீக்கம் பெரிதாகியிருந்தது. இப்போது காட்டினால் போன வருடம் ஏன் காட்டவில்லை என்று கேட்பார்களே? மறுபடி தட்டினாள். அதற்கடுத்த வருடமும் அதே கதை. 'அடிப்பாவி' என்று எனக்கு வாய் வரை வரும். ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? அந்த பஸ்ஸில் நான் ஏறுவதை நிறுத்திக்கொண்டேன், மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை. திட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

இந்த வருடம் புதுக் கருவி வந்து இறங்கியது. கண் இமைப்பதற்குள் எடுத்து முடித்துவிடும். கண் நகர்ந்தால் கூடவே நகரும், மங்கினால் தானே திரும்ப எடுக்கும். எடுத்த படம் நேராக டாக்டர் மேஜைக்குப் போய்விடும். அழிக்கிற பொத்தான் எங்கே என்று, பொருத்த வந்த இன்ஜினியரை அக்கா மூன்று முறை கேட்டாள்.

"எதுக்கு மேடம் அழிக்கணும்? இதுல தப்பே வராது," என்றார் அவர், பெருமை தாங்காமல்.

பரிசோதனை நாளன்று லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. புருஷன் வந்து சிரித்துக்கொண்டே தாடையை வைத்தார். "வீட்லயும் அசைய விடமாட்டா, இங்கயும் விடமாட்டா," என்றார் என்னிடம். அக்காவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. வாசலில் இன்னும் ஏழு டிரைவர்கள் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அழுத்தினாள்.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார், தாடையை எடுக்காமலே.

"முடிஞ்சிடுச்சுங்க," என்றாள்.

பத்து நிமிடத்தில் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். "முதல் வருஷமே தெரிஞ்சிருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம். போன பார்வை இனிமே திரும்பாது. பஸ்ஸும் ஓட்ட முடியாது. மூணு வருஷமும் எப்படி இவர் படம் மட்டும் மங்கலா வந்திருக்கு? யார் எடுத்தது?"

புருஷன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

"நான்தான் சார் அசைஞ்சிட்டேன்," என்றார். "ஒவ்வொரு தடவையும் இவ சொன்னா. நான்தான் கேக்கல."

வெளியே வந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"போ, ஆளுங்க காத்திட்டிருக்காங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி படி இறங்கினார்.

அக்கா அறைக்குள் போனாள். அந்த ஏழு பேருக்கும் படம் எடுத்து முடிக்கும் வரை அவளால் அழக்கூட முடியவில்லை.