வேலிச் சந்தில் இரண்டு சொம்பு

புதுச்சத்திரத்துக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த காளியாத்தாளுக்கு முப்பத்திரண்டு வயது வரைக்கும் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அடுப்படிக்குள் வந்த கட்டுவிரியனை உலக்கையால் நசுக்கிப் போட்டுவிட்டு, அதே உலக்கையைக் கழுவிக் கம்பு குத்தியவள். அவள் புருஷன் சுப்பையனோ இடி இடித்தால் போர்வையைத் தேடுகிற ஆள். ஒரு வீட்டுக்கு ஒரு தைரியசாலி போதும் என்று ஆண்டவன் நினைத்துவிட்டான் போலிருக்கிறது என்று ஊரில் சிரித்தார்கள்.

அவள் தைரியத்தில் பாதி மாரக்காளோடு சண்டை போடுவதிலேயே செலவாயிற்று. மாரக்காள் அடுத்த தோட்டத்துக்காரி, இரண்டு வயது இளையவள். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. அதை மாரக்காளின் புருஷன் சண்முகவேல் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டான் என்பது காளியாத்தாளின் கட்சி. ஒரு முழம் விட்டுக்கொடுத்து நட்டான் என்பது மாரக்காளின் கட்சி. ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. காளியாத்தாள் தன் எருமையைப் பார்த்து, "திருட்டு முண்டம், அடுத்தவன் மண்ணு உனக்கு அத்தன இனிக்குதா?" என்று கத்துவாள். வேலிக்கு அந்தப் பக்கம் மாரக்காள் தன் காளையைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். பாவம், அந்த வாயில்லா ஜீவன்கள் இரண்டும் ஏழு வருஷ வசவையும் மென்றுகொண்டே கேட்டன. ஆண்கள் இருவர் மட்டும் பெண்டாட்டிமாருக்குத் தெரியாமல் சந்தையில் சந்தித்து, ஒரே பொட்டலத்தில் பொரி தின்றுவிட்டு, தனித்தனியாக வீடு திரும்புவார்கள்.

அந்த வேலியில் ஓரிடத்தில், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. அடைக்க இரண்டு கட்டு முள் போதும். அடைத்தால் வேலி இருக்கிற இடத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று காளியாத்தாள் அடைக்கவில்லை. மண்ணையும் விட்டுக்கொடுத்து முள்ளையும் நானே போடுவதா என்று மாரக்காளும் அடைக்கவில்லை. சந்து அப்படியே கிடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, எங்கிருந்தோ வந்த ஒரு செவலை நாய் முதலில் ஆட்டுப்பட்டியில் படுத்திருந்த ஆட்டுக்காரன் சடையனைக் கடித்தது. பிறகு சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த மாரக்காளின் கெண்டைக்காலைப் பிடித்தது. அவள் போட்ட அலறல் காளியாத்தாளுக்குக் கேட்டது. கேட்டதும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே என்ன என்று எட்டிப் பார்க்கப் போனாள். இதை அவளே பின்னாளில் வெட்கமில்லாமல் சொல்லுவாள். அவள் வேலியை நெருங்கவும் நாய் அந்தச் சந்து வழியாக வரவும் சரியாக இருந்தது. இடது முன்கையில் நாலு பல்லும் பதிந்தது. ஆட்கள் ஓடிவந்து நாயை அடித்துப் போட்டார்கள். அதன் வாயில் நுரையும் கோழையும் தொங்கியதைப் பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டு விலகினார்கள்.

வெறிநாய். கடிபட்டவர்கள் நாய் மாதிரி ஊளையிடுவார்கள், தண்ணீரைக் கண்டால் துடிப்பார்கள், அப்படியே போய்ச் சேருவார்கள். விஷம் ஏறினால் கிணற்றுத் தண்ணீரில் நாயின் முகம் தெரியும். இதெல்லாம் காளியாத்தாள் சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. கையைக் கழுவிக்கொண்டு நின்றவளுக்கு முதல் முறையாகப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. மூன்று வயது மகள் பொன்னாயி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளப் போக, "அவளப் புடிங்க! எம்பக்கத்துல உடாதீங்க!" என்று கத்தினாள். அன்றைக்கே குழந்தையை மோகனூரில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூவரையும் உடனே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பதினைந்து நாள் தங்கி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார் மணியக்காரர். சடையன் மறுத்துவிட்டான். "பதினஞ்சு நாளு அங்க உக்காந்துட்டா ஆட்ட யாருங்க பாக்கறது? பச்சிலை தின்னாச் சரியாப் போயிருமுங்க." ஆண்களில் ஒருவர் இரண்டு தோட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் சண்முகவேல் நின்றுகொண்டான், சுப்பையன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். பஸ்ஸில் அவனை நடுவில் வைத்து ஆளுக்கொரு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

"பதினாலு ஊசி. தினம் ஒண்ணு, தொப்புளைச் சுத்தி. ஒரு நாளும் தப்பக் கூடாது" என்றார் டாக்டர். எழுதிக்கொண்டிருந்த கம்பவுண்டர் நிமிர்ந்து, "கடிச்சது ஒரே நாயா?" என்று கேட்டார். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். "ஒரே நாய்தானுங்க சாமி" என்றான் சுப்பையன். மறுநாளிலிருந்து, "ஒரு நாய்க்காரங்க வந்தாச்சா?" என்றுதான் அங்கே அவர்களைக் கூப்பிட்டார்கள். ஏழு வருஷம் ஒரு வேலியால் பிரிந்திருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரே பேர்.

தங்கியது பக்கத்திலிருந்த சத்திரத்தில். முதல் நாள் விடிந்ததும் காளியாத்தாள் சொம்பில் தண்ணீர் மொண்டு, குடிக்காமல் உள்ளே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தால், எதிரில் மாரக்காளும் தன் சொம்புக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணும் சந்தித்துவிட்டன. திரும்பிப் பேச அங்கே எருமையும் இல்லை, காளையும் இல்லை.

"என்ன தெரியுது?" என்றாள் காளியாத்தாள்.

"என்ற மூஞ்சிதானுங்க தெரியுது. உங்களுக்கு?"

"எனக்கும் என்ற மூஞ்சிதான்."

"நெசமாத்தானுங்களே?"

"நெசமாத்தான். குடி பாக்கலாம்."

மாரக்காள் அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். இறங்கிவிட்டது. காளியாத்தாளும் குடித்தாள். இறங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. பயத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை, ஆனால் அதற்கே பொழுது போதவில்லை. தொண்டையில் அரிப்பு இருக்கிறதா, கடிவாய் சுருக்கென்கிறதா, தெருக்குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் உடம்பு கூசுகிறதா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். சுப்பையனிடம் கேட்டால் அவன் எல்லாவற்றுக்கும் "ஒண்ணும் ஆவாது" என்பான். கடிபடாதவன் சொல்லும் ஆறுதலில் என்ன இருக்கிறது? மாரக்காள் "எனக்கும் அப்படித்தானுங்கக்கா" என்றால்தான் காளியாத்தாளுக்குக் கொஞ்சம் நெஞ்சு அடங்கும். அக்கா என்ற வார்த்தை எந்த நாளில் வந்து ஒட்டிக்கொண்டது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பதினாலு ஊசியும் போட்டு அனுப்பும்போது டாக்டர், இனிப் பயம் வேண்டாம் என்றார். ஊரில் அதை யார் நம்புவது? கடிபட்ட நாளிலிருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தாண்டினால்தான் விஷம் போனது என்று ஊர் ஒரு கணக்குச் சொன்னது. கடிபட்டவர்களின் எச்சில் பட்டாலே விஷம் என்றார்கள். கோயில் கிணற்றடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். காளியாத்தாளுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். சுப்பையன்கூடச் சோற்றை வைத்துவிட்டு இரண்டடி தள்ளியே நின்றான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் பொன்னாயி வந்துவிடுவாள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

தினமும் விடிந்ததும் வேலிச் சந்துக்குப் போவாள். அந்தப் பக்கம் மாரக்காள் சொம்போடு வந்து நிற்பாள். ஒருத்தி குடிக்க மற்றவள் பார்ப்பாள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அன்றைய வேலை ஓடும்.

முப்பத்தெட்டாம் நாள் சடையனுக்கு விஷம் ஏறியது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான், கொண்டுபோனால் அலறினான். கடித்துவிடுவான் என்று பயந்து பட்டியோரத்து வேப்பமரத்தில் புதுத் தாம்புக்கயிறு போட்டுக் கட்டினார்கள். அந்தச் சத்தம் இரண்டு தோட்டத்துக்கும் கேட்டது. இரண்டு பகலும் காளியாத்தாளும் மாரக்காளும் சந்துக்கு இரண்டு பக்கமும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சத்தம் நின்றது. நின்ற பிறகும் காளியாத்தாள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரே நாய், ஒரே காலை. ஊசிக்கும் பச்சிலைக்கும் நடுவில்தான் தன் உயிர் தொங்குகிறது என்று பட்டது.

அடுத்த சந்தை நாளில் சுப்பையன் ஒரு புதுத் தாம்புக்கயிறு வாங்கி வந்து, தீவனப் போருக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அவள் பார்த்துவிட்டாள். கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

நாற்பத்தேழாம் நாள் போய் நாற்பத்தெட்டும் விடிந்தது. மோகனூருக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிவரச் சுப்பையன் வண்டி பூட்டிக்கொண்டிருந்தான். காளியாத்தாள் தலைவாரி, சொம்போடு சந்துக்குப் போனாள். மாரக்காள் இல்லை. வெயில் ஏறும்வரை நின்றாள். வரவில்லை. குனிந்து சந்தில் நுழைந்து, ஏழு வருஷமாக மிதிக்காத மண்ணில் ஓடினாள்.

வாசலில் சண்முகவேலும் நாலைந்து பேரும் தூரமாக நின்றார்கள். மாரக்காள் உள்வாசலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரில் சொம்பு.

"எறங்க மாட்டீங்குதுங்கக்கா" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "மூணு தடவ ஊத்திப் பாத்துட்டன். தொண்ட அடச்சுக்குது."

"எப்பப் புடிச்சு?"

"காத்தாலருந்து. மாட்டுக்குச் சோளத்தட்டு எடுக்கப் போனனுங்க. அங்க புதுக் கயிறு ஒண்ணு தொங்குச்சு." அவள் வாய் கோணிக்கொண்டது. "எனக்குத்தான வாங்கி வெச்சிருக்காங்க?"

சண்முகவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

காளியாத்தாள் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எங்கூட்டுலயும் ஒண்ணு வாங்கி வெச்சிருக்குது, புள்ள. போருக்குப் பொறத்தால. உங்கூட்டுக்காரரும் எங்கூட்டுக்காரரும் ஒரே கடைல சேந்தாப்புல போயி வாங்கியிருப்பாங்க."

மாரக்காள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்லவே இல்லீங்களே?"

"பயம். சொன்னா நெசமாயிருமோன்னு. எந்த நேரமும் அந்தக் கயித்து நெனப்புத்தான். சோறு எறங்க மாட்டீங்குது. உனக்காட்டந்தான்."

மாரக்காள் சொம்பை எடுத்தாள். அண்ணாந்து ஊற்றப் பயந்து, வாய் வைத்துக் குடிக்கப் பார்த்தாள். ஒரு மடக்கு உள்ளே போய், தொண்டை அடைத்து, எச்சிலும் தண்ணீருமாகத் திரும்பச் சொம்பிலேயே கொட்டியது. வாசலில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். யாரோ கயிறு என்றார்கள். மாரக்காள் சுவருக்குள் புகுந்துவிடுகிறவள் மாதிரி ஒடுங்கினாள்.

காளியாத்தாளுக்கும் எழுந்து ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. மோகனூரும், பொன்னாயியின் எண்ணெய்த் தலையும் கண்ணுக்குள் வந்துபோயின. விஷம் நிஜமாகவே ஏறியிருந்தால்? ஏறியிருந்தால் இந்தச் சொம்பில் இருப்பது சாவுதான். அவள் கை சொம்பை வாங்கியது. ஊரே பார்க்க, அதே இடத்தில் வாய் வைத்து, அந்த எச்சில் தண்ணீரில் பாதியைக் குடித்தாள். வெளியே சண்முகவேல் "ஐயோ ஆத்தா" என்றான்.

"என்ன பண்ணிப்போட்டீங்க?" மாரக்காள் கத்தினாள். "இன்னிக்கோட உங்களுக்கு முடிஞ்சிருக்குமே. உங்க புள்ளைய இன்னிக்குத்தான கூட்டியாறீங்க!"

"ரெண்டு பேத்துக்கும் ஒரே நாயி. ரெண்டு பேத்துக்கும் ஒரே தண்ணி. எனக்கு எறங்குதில்ல? உனக்கும் எறங்கும். குடி, சாமி."

மாரக்காள் அழுதுகொண்டே குடித்தாள். முதல் மடக்கு நெஞ்சில் நின்றது. இரண்டாவது இறங்கியது. சொம்பு காலியாகும் வரை காளியாத்தாள் அவள் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காளியாத்தாள் வெளியே வந்தாள். வேலிச் சந்து வரைக்கும் நடந்து, அந்தப் பக்கம் பூட்டின வண்டியோடு நின்ற சுப்பையனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மாட்ட அவுத்துக் கட்டுங்க. புள்ள இன்னும் ஒரு மண்டலம் மோகனூர்லயே இருக்கட்டும்."

மறுநாள் விடியும்போது மாரக்காள் இவளுக்கு முன்னாலேயே சந்தில் வந்து நின்றிருந்தாள், கையில் சொம்போடு. காளியாத்தாள் வாங்கி முதலில் உள்ளே குனிந்து பார்த்தாள், பிறகு குடித்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"ஒண்ணு" என்றாள் மாரக்காள்.