மே மாதத்தில் பூட்டிய வீடு

தெலுங்கும் ஹிந்தியும் பேசும் ஊரில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் எங்கள் சந்து இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா, ரிடையர் ஆன பிறகு நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று பயந்து, சர்வீசில் இருக்கும்போதே அங்கே இரண்டு அறை கட்டி எங்களைக் குடிவைத்தார். பட்டா கிடையாது. சந்தில் யாருக்குமே கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சந்து வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொன்னார்கள். முன்பக்கக் கட்டடம் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு, பின்பக்கம் சந்துக்காரர்களுக்கு. ஆபீசரும் கூலிக்காரரும் ஒரே காம்பவுண்டில் ஒன்றாக வாழப்போகிறார்கள் என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். நான் நம்பவில்லை, அம்மா நம்பினாள். குழாய் வீட்டுக்குள்ளேயே வரும் என்று கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்தது மே மாதம். மே மாதத்தில் எந்த ரயில்வேக்காரன் வீட்டில் இருப்பான்? பள்ளிக்கூடம் லீவு, கையில் இலவச பாஸ். வழக்கம்போல வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆம்பூருக்குப் போயிருந்தோம். அங்கே எங்களுக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் படுத்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். சாவி பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் இருந்தது. எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி.

திரும்பி வந்தபோது எங்கள் அடுப்பில் அவளுடைய மருமகள் சமைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சாமான்கள் மூட்டையாக ஒரு மூலையில் கிடந்தன.

"பூட்டுன வீட்ட எழுதமாட்டேன்னாங்க அக்கா. வீணாப் போறதுக்கு எம் பையனாச்சும் இருக்கட்டும்னு உக்கார வெச்சேன்," என்றாள் அவள். இது அக்கா வீடு என்று சொல்லியிருக்கலாமே என்று அம்மா கேட்டாள்.

மறுநாள் அப்பா கணக்கெடுத்தவர்களின் ஆபீசுக்குப் போனார். பாஸ்தான் அவருக்குச் சர்வரோக நிவாரணி. போலீஸ் ஸ்டேஷனில்கூட அதை நீட்டிக் காரியம் சாதித்த மனுஷன். ஊருக்குப் போயிருந்தோம், இதோ சாட்சி என்று அங்கேயும் பெருமையாக நீட்டினார். அதிகாரி அதிலிருந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, உங்களுக்குத்தான் சொந்த ஊர் இருக்கிறதே, இந்த வீடெல்லாம் போக்கிடம் இல்லாதவர்களுக்கு என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா தன் கையாலேயே எங்கள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டு வந்தார்.

லாலாகுடாவில் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனோம். அம்மா தெருக்குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்தாள்.

அடுக்குமாடி எழும்பியது. முன்பக்கத்துக்காரர்கள் குடிவந்த கையோடு நடுவில் ஆளுயரச் சுவர் வைத்தார்கள். பிறகு பின்பக்க வீடுகளையும் ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தார்கள். சந்துக்காரர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார்கள். தெலுங்கு அம்மாவின் மகனும் எங்களுக்கு வரவேண்டிய வீட்டை விற்றான். போகும்போது தாயை அழைத்துப் போகவில்லை. அவளுடைய சொந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டையும் அவன் எப்போதோ விற்றுத் தின்றிருந்தான்.

ஒரு மத்தியானம் மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நாள் இருந்துகொள்கிறேன் என்றாள். அம்மா உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள், இரண்டாம் முறை கேட்டுக் குழம்பும் ஊற்றினாள். அவள் கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

"முன்ன மாதிரி இல்ல, எம் மனசு கெட்டுப்போச்சு. நீ போயிடும்மா."

"ஹவ் அக்கா," என்று அந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் சொல்லி அவள் மூட்டையை எடுத்துக்கொண்டாள். எங்கே போனாள் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.