நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது

நான் பொய் சொன்னேன். மண்டபம் நிறைய எங்கள் சனம் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, தடுமாறாமல், சிரித்த முகத்தோடு பொய் சொன்னேன்.

என்னைத் தெரிந்தவராக நீங்கள் இருந்தால் இந்நேரம் எனக்காகப் பரிந்து பேசத் தொடங்கியிருப்பீர்கள். "பாவம், அவரும் ஏமாற்றப்பட்டவர்தானே" என்பீர்கள். நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் இன்றுவரை எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பரிவைப் போர்த்துக்கொண்டுதான் நான் இவ்வளவு காலமும் உலாவினேன். அது எனக்கு உரியதன்று!

எண்பத்தேழாம் ஆண்டு வசந்தம். செர்னோபில் என்ற பெயர் எங்கள் ஆட்களின் வாயிலும் பழகிவிட்டிருந்த காலம். நகரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருந்த அணுமின் நிலையமொன்றில் குழாய் வெடித்துவிட்டதாக வானொலி சொன்னது. கதிரியக்கம் கலந்த நீர் கொஞ்சம் ஏரிக்குள் போய்விட்டதாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் குழாய்களில் வருவதோ அந்த ஏரியின் தண்ணீர்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு தளத்திலும் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பலர் எண்பத்து மூன்றில் கொழும்பில் தங்கள் வீடு எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கு முட்டி மோதித்தான் வரும். நான் ஊரில் ஆங்கில ஆசிரியை. இங்கே ஒரு சுகாதார நிலையத்தில் பகுதிநேர மொழிபெயர்ப்பாளர். வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை பிடிப்பதிலிருந்து பிள்ளை பெறுவதுவரை அவர்கள் என் நாக்கால்தான் பேசினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்... ஏன் மறைக்கவேண்டும்? நிறையவே கர்வம்!

மின்நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தார். கீழ்த்தள மண்டபத்தில் கூட்டம்; மொழிபெயர்க்க நான். கோப்பியும் டோனற்றும் கொண்டுவந்திருந்தார். கூட்டம் சச்சரவில்லாமல் முடிந்தால் எனக்கு முழுநேர வேலைக்குச் சிபாரிசு செய்வதாகச் சுகாதார நிலையத்தில் என் மேலாளர் காதோடு சொல்லியிருந்தார். அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எதையும் மிச்சம் வைக்கப்போவதில்லை.

முன்வரிசையில் மலர் இருந்தாள். எங்கள் தளத்தில் என் வீட்டுக்கு எதிர்க் கதவு அவளுடையது. இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளது கணவன் ரவி, வேலையில்லாத நாட்களில் அந்த மின்நிலையத்துக்குப் பக்கத்துக் கரையில் தூண்டில் போடுபவன். நிலையம் வெளியே விடும் வெந்நீருக்கு மீன் கூடும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். எனக்கும் ஒன்றிரண்டு கொண்டுவந்து தருவான்.

அதிகாரி எழுந்து முதல் வசனத்தைச் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன்... திறந்த வாய் அப்படியே நின்றது.

நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது. அதுதான் அந்த வசனம். எப்படிப் புரட்டிப் போட்டாலும் தமிழில் அது இப்படித்தான் வரும்.

உங்களுக்கு அது ஒரு சாதாரண வசனமாக இருக்கலாம். எங்கள் தெரு எரிந்துகொண்டிருந்தபோது வானொலி எங்களுக்குச் சொன்ன வசனம் அது! அதைக் கேட்டு எங்கள் ஆட்களில் ஒருவரும் ஆறுதல் அடைந்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் தேடினார்கள். தேடியவர்கள்தான் தப்பினார்கள். அதை நான் அப்படியே சொல்லியிருந்தால் அந்த மண்டபம் மறுகணமே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே விழுங்கினேன்.

சனம் பதறாமல் இருக்கத்தானே விழுங்கினாய் என்கிறீர்களா? பொறுங்கள். இதுவரை சோதித்த தண்ணீரில் கவலைப்படும்படி எதையும் காணவில்லை, இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்றார் அடுத்து. அந்த 'இதுவரை'யையும் விழுங்கினேன். 'இன்னும்' என்பதையும் விழுங்கினேன். அப்போதுதான் மலர் எழுந்தாள். அதிகாரியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, அவர் சொல்றதை விடுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ. இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ? இவர் பிடிச்சுக்கொண்டு வாற மீனைச் சாப்பிடலாமோ?"

"ஓம் மலர். நான் வடிவா விசாரிச்சுப் பாத்தனான். பயப்பட ஒண்டுமில்லை."

யாரிடம் விசாரித்தேன்? ஒருவரிடமும் இல்லை! அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். உங்கள் விளக்கம் அவளுக்குத் திருப்தியாம் என்று ஆங்கிலத்திலும் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். மலர் வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்தாள். முகம் தெளிந்துவிட்டது. டோனற் ஒன்றை எடுத்துப் பாதியை ரவிக்குக் கொடுத்தாள்.

இனிச் சொல்லப்போவதற்கு நாக்குக் கூசுகிறது...

வீட்டுக்கு வந்தேன். என் மகள் சுகி குழாயடியில் கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய்ந்து தட்டிவிட்டேன். பிள்ளை பயந்து அழுதது. மறுநாளே அவளைப் பக்கத்து நகரமான பிறம்ரனில் இருந்த என் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பிறம்ரன் குழாயிலும் அதே ஏரியின் தண்ணீர்தான் வருகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். படித்தவளின் புத்தியைப் பாருங்கள்!

எனக்குப் போத்தல் தண்ணீர் வாங்கினேன். எதிர்க் கதவு திறந்துவிடுமோ என்று அதைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரவி மீன் கொண்டுவந்தான். சிரித்துக்கொண்டே வாங்கி, நன்றி சொல்லி, கதவைச் சாத்திவிட்டுக் குப்பையில் போட்டேன். எதிர் வீட்டில் மீன் பொரியும் வாசம் வந்தது. போய்ச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஊருக்குத்தானே உபதேசம்!

சில வாரங்களில் பத்திரிகையில் செய்தி வந்தது. ஏரிக்குள் போனது அவர்கள் முதலில் சொன்னதைவிட மிக அதிகமாம். கூட்டம் நடந்த அன்றே அது நிலையத்துக்குத் தெரியுமாம். கட்டடம் கொதித்தது. என் வீட்டுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள், என்னைத் திட்டுவதற்கு அல்ல, தேற்றுவதற்கு! உங்களையும் ஏமாற்றிவிட்டார்களே என்றார்கள். நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அந்த அதிகாரி என் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறைத்திருக்கிறார். என் தமிழை, என் சனம் என்மேல் வைத்த நம்பிக்கையைத் தன் தேவைக்குப் பயன்படுத்திவிட்டுப் போய்விட்டார். ஆனால் நம்பி ஏமாந்தவள் தன் பிள்ளையை ஒளித்து வைப்பாளா?

பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லி மாளாமல் சுகியைத் திரும்பக் கூட்டிவந்தேன். தண்ணீருக்குப் பயந்துதான் அம்மா தன்னை மாமா வீட்டில் விட்டாள் என்று லிஃப்டில் வைத்து மலருக்கே அவள் சொல்லிவிட்டாள்.

மலர் கதவைத் தட்டினாள். சத்தம் போடவில்லை.

"அக்கா, உங்கட பிள்ளைக்கு ஒரு சொல்லு, என்ர பிள்ளைக்கு ஒரு சொல்லோ?"

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. அண்ணன் மகளின் பிறந்தநாளுக்குப் போனாள் என்றேன். மலரின் கண் என்னைத் தாண்டிக் குசினிக்குள் போனது. அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. அவள் திரும்பிப் போய்விட்டாள். அதை வேறு ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவள் சொல்லியிருந்தால் எனக்கு இந்த வாக்குமூலம் மிச்சமாகியிருக்கும்.

பிள்ளை பிறந்தது. யாழினி. எந்தக் குறையும் இல்லாத, கொழுக் மொழுக் என்ற பிள்ளை! ஏரித் தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். ஆம், நான் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

யாழினிக்கு ஒரு வயது கடந்ததும் தடுப்பூசிக்காக மலர் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். மொழிபெயர்க்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. சின்னமுத்து என்கிற தட்டம்மை வராமல் காக்கும் ஊசி, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவது, பயப்பட வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். இந்த முறை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

"இது ஆற்ற சொல்லு? உங்கடையோ, டொக்டரின்ரையோ?"

டொக்டருடையது என்றேன்.

"அண்டைக்கும் பயப்பட ஒண்டுமில்லை எண்டுதானே சொன்னனீங்கள்."

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். அன்று நான் சொன்னது பொய், இன்று சொல்வது மெய் என்று அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். டொக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை, என் பெயர்... கதிரையை விட்டு எழவில்லை.

அடுத்த வசந்தத்தில் எங்கள் கட்டடத்தில் சின்னமுத்து வந்தது. ஊசி போட்ட பிள்ளைகள் தெருவில் விளையாடின. யாழினிக்குக் காய்ச்சல் மூளைவரை ஏறியது. உயிர் தப்பியது. ஆனால் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். முடிவைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று என்னையே அழைத்தார்கள்.

"காது நரம்பு செத்துப்போச்சு, மலர். இனித் திரும்பி வராது எண்டு டொக்டர் சொல்றார்."

கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக நான் மொழிபெயர்த்ததில்லை.

மலர் யாழினியை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பொய்" என்றாள்.

கைச்சாடையில் பேசக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே சேர்க்கும்படி எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், ரவி உட்பட. அவள் மாட்டேன் என்கிறாள். சேர்த்தால் நான் சொன்னது உண்மையாகிவிடும்.

யாழினி எங்கள் தாழ்வாரத்தில் மூன்று சில்லுச் சைக்கிள் ஓட்டுகிறாள். மலர் பின்னால் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். கொஞ்சம் பொறுக்கிறாள். பிறகு இன்னும் உரத்துக் கூப்பிடுகிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். இன்று காலையும் கூப்பிட்டாள்.