பட்டறைப் பூனை தேர்ந்தெடுத்த துணி

புது சோபா வந்தால், பழையதைப் பிராண்டிக் கிழித்த பூனை வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று கணவன் சாஹில் சொன்னதிலிருந்து அஃப்ஷாவுக்கு நிம்மதி இல்லை. செம்பூர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டும் பூனையை விட்டுத் தூங்காது.

தாராவியில் சோபா செய்யும் இசக்கியிடம் போய்ச் சொன்னாள்.

அவர் ஒரு ஸ்டூலைக் காட்டினார். நாலு பக்கமும் நாலு விதத் துணி. மூன்று நார்நாராகத் தொங்கின.

“நம்ம பட்டறைப் பூனை பிராண்டுனதுதான், தங்கச்சி. நெருக்கமா நெய்த இந்தத் துணில மட்டும் நகம் ஏறல. ஜிப் வச்சே தைச்சுத் தாரேன். பிள்ளைக பாலைக் கொட்டினா உருவித் துவைச்சிருங்க.”

“பூனை தங்குமா, அண்ணாச்சி?”

“சோபாவும் தங்கும்.”

புது சோபா வந்து ஒரு மாதம் வீட்டுப் பூனை பிராண்டியும் நூல் பிரியவில்லை. “சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்று சாஹிலே நகர்ந்து பூனைக்கு இடம் விட்டான்.

அன்றே அஃப்ஷா இசக்கிக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினாள். பட்டறைப் பூனைக்குத் தனியாக மீன் தலை.