ஆடிச்சுற்றில் கொடுத்த சாவி

கோமதித் தாயை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. நான் பயந்து கிடந்த கதையைச் சொல்லப் போகிறேன். பேய் பிசாசுப் பயம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது, உள்ளே என் கணவர் உயிரோடு இருப்பாரா என்கிற பயம்.

எனக்குப் பிறந்த ஊர் மேலநீலிதநல்லூர் பக்கம். ஆடு மேய்த்த குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து சங்கரன்கோவிலில் டீச்சர் ஆனேன். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை நிமிரும். யாரிடமும் போய் உதவி என்று நிற்க எனக்குப் பிடிக்காது.

கணவர் லாரி ஓட்டினார். எமர்ஜென்சி முடிந்த மறு வருடம், மிளகாய் மூடை ஏற்றிப் போன லாரி ராஜபாளையம் ரோட்டில் கவிழ்ந்தது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவருடைய அண்ணன் ராயகிரியிலிருந்து வந்து, ஒரு சாக்கு நெல்லை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

புண் ஆறியது. மனுஷர் ஆறவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார். குளிக்க மாட்டார், பேச மாட்டார். கக்கத்தில் ஊன்றுகிற கட்டையைத் தொடவே மாட்டார். ஒரு நாள் காலையில் சோறு வைத்துக் கொண்டிருந்தேன். "நான் இல்லைன்னா நீ நல்லாத்தான் இருப்பே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு அறையில் கட்டியிருந்த துணிக்கொடியைப் பார்த்தபடியே இருந்தார்.

அன்றைக்கே கொடிக்கயிற்றை அறுத்து எடுத்தேன். அரிவாள்மனையை ஒளித்தேன். மண்ணெண்ணெய் டின்னைப் பையில் போட்டுத் தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "பாடம் நடத்தவா, அடுப்பு பத்த வைக்கவா டீச்சர்?" என்று பெரிய டீச்சர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவேன். மத்தியானம் மணி அடித்ததும் ஓடி வந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஓடுவேன். கேட்டவர்களிடம் அவருக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் மாதக்கணக்கில் அடிக்குமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அதற்கும் பயந்தேன்.

ஆடி மாதம், கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்றதைக் கொண்டாடும் ஆடித்தவசுக்குக் கோயிலில் கொடி ஏறியது. அம்மன் சன்னதியில் நின்று அழுதேன். "தாயே, இவர் உயிரை எனக்குக் கொடு. நூற்றியெட்டுச் சுற்று சுற்றுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. நூற்றியெட்டு என்றால் எத்தனை சாயங்காலம் ஆகும்? அத்தனை நேரமும் அவர் பூட்டிய வீட்டில் தனியாக இருக்க வேண்டும். எந்த உயிருக்காக நேர்ந்தேனோ அதை விட்டுவிட்டு வந்துதான் நேர்ச்சையை முடிக்க வேண்டும். நேர்ந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் பயம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சுற்ற ஆரம்பித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டைப் பற்றி ஒரு காட்சி வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். உள்ளங்கையில் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

என் கூடவே ஒரு அக்கா சுற்றி வந்தார். பேச்சியக்கா. அடுத்த தெருக்காரர். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவர். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள்.

"என்ன டீச்சர், சாவியை இப்படி நெரிக்கிய? கையில ரத்தம் வருதே" என்றார்.

வாய் தானாகத் திறந்துவிட்டது. "அவரைப் பூட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்க்கா" என்றேன். மீதி எல்லாமும் வந்துவிட்டது.

அவர் நடுப்பிராகாரத்தில் நின்றுவிட்டார். "ஏட்டி, இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? சாவியைக் குடு. எடுத்த சுத்தைப் பாதியில விடாத."

கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னத்தைப் பார்ப்பாரோ, ஊரெல்லாம் என்ன சொல்வாரோ. நாம் சுற்றுகிற கால்வலியை அம்மன் வாங்கிக்கொள்வாள் என்பார்கள். என் நெஞ்சு வலியையும் வாங்கிக்கொள் தாயே என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வெளிச்சம் மங்குமுன் வீட்டுக்கு ஓடினேன். கதவு அகலத் திறந்து கிடந்தது. கட்டில் காலியாக இருந்தது.

அப்போது புறவாசலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

துவைக்கிற கல்லில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். பேச்சியக்காவின் வீட்டுக்காரர் வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பேச்சியக்கா மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அதிகாரம் பண்ணினார்.

"நல்லாத் தேய்ச்சு விடுங்க. எருமைகூட இதைவிடச் சுத்தமா இருக்கும்."

"யக்கா, நீ போயிரு" என்றார் இவர். பல நாளுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது. "ஊரே அந்த அம்மனைச் சுத்துது. ஒத்தக்கால்ல அவ நின்னா தவசு. நான் நின்னா நொண்டி."

"அவ சும்மா நிக்கலை தம்பி. கேட்டு வாங்கத்தான் நின்னா. நீயும் வாயைத் தொறந்து கேளு, என்ன வேணும்னு."

அவர் என்னைப் பார்த்தார். "யாரும் வரக் கூடாதுன்னு பூட்டுனியா, நான் போகக் கூடாதுன்னு பூட்டுனியா?"

"நீங்க போயிரக் கூடாதுன்னு."

"போயிரணும்னுதான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றார். தண்ணீரோடு கண்ணீரும் வழிந்தது. "எனக்கே பயமாத்தான் இருக்கு."

அவருக்கும் பயம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு மூலையில் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மறுநாளே பேச்சியக்காவின் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களோடு பஸ் ஏறினார். மனசுக்கு வருகிற நோய் இது, மாத்திரை உண்டு, இவரைத் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். மீதிச் சுற்றுகளை நான் முடிக்கும்வரை பேச்சியக்கா தன் ராட்டையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டு நூல் சுற்றினார். "அந்தச் சத்தத்தை நிறுத்துக்கா" என்பார் இவர். "நிறுத்துதேன். என் கூலியை நீ தாரியா?" என்பார் அவர். ஒரு நாள் நான் வந்தபோது, லாரிக்காரக் கையால் அந்த ராட்டைக்கு எண்ணெய் போட்டுக் கிரீச் சத்தத்தை நிறுத்திக் கொண்டிருந்தார் என் கணவர். நான் சன்னதி இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்தேன்.

போன கால் வரவில்லை. இன்றும் சில நாட்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். அப்போது எனக்குப் பழைய பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போது தெருவில் நாலு வீட்டுக்கு அது தெரியும். யாராவது ஒருவர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பேசுவார். நான் உயிரைக் கேட்டேன். தாய் ஆட்களை அனுப்பினாள். அந்த ஆட்கள் வழியாகத்தான் உயிர் தங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், அம்மனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் நடக்கிறவர்களிடமும் சொல்லுங்கள். ஆடியில் சங்கரன்கோவிலுக்கு வாருங்கள். பிராகாரத்தில் என்னைப் பார்த்தால் கூச்சப்படாமல் வீட்டு அடையாளம் சொல்லுங்கள். நீங்கள் சுற்றி முடித்து வரும்வரை அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.